தூரம் எவ்வளவு? கண்ணால் அளந்த சென்னை

பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் மூன்று வாசனைகள் ஒன்றாக வரும். சோளம் சுடும் கரி, மிளகாய் பஜ்ஜி எண்ணெய், உப்புக் காற்று. அதற்கு நடுவே 'டப்' என்று ஒரு சத்தம். பலூன் சுடும் கடை. மூங்கில் சட்டத்தில் சிவப்பும் மஞ்சளுமாக வரிசை வரிசையாகப் பலூன்கள், ஒரு ஸ்டூலின் மேல் இரண்டு ஏர்கன். பத்து வயதுப் பையன் துப்பாக்கியைத் தூக்கவே திணறுவான். கடைக்காரர் பின்னால் நின்று கட்டையைத் தோளில் பொருத்திவிடுவார். "மூச்சை நிறுத்து தம்பி, இப்போ அமுக்கு." டப்.

அந்தக் கடையில் சுடுகிறவருக்கும் பலூனுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? மூன்று மீட்டர், மிஞ்சிப் போனால் நாலு. அந்தத் தூரத்தில் தூரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குழாய் எங்கே பார்க்கிறதோ அங்கே போய் விழும் ஈயக் குண்டு. அப்படியும் குறி தப்பினால், குழாயை லேசாக வளைத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சென்னைவாசிகளின் பரம்பரை சந்தேகம்.

என் அக்கா மகனுக்குக் கல்லூரி கடைசி வருஷம். ஒரு வருஷமாக ஏர் ரைஃபிள் பைத்தியம். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு ஸ்கோப் வாங்கப் போகிறேன் என்று வந்து நின்றான். துப்பாக்கியின் தலைமேல் உட்காரும் தொலைநோக்கி. விலையைக் கேட்டதும் அக்காவுக்குத் தலை சுற்றல். "ஏன்டா, துப்பாக்கி விலையைவிட கண்ணாடி விலை ரெண்டு மடங்கா?" என்றாள். "சித்தி, நீயாவது அம்மாகிட்ட சொல்லேன். இந்த ஆட்டத்துல சுடறது பாதி, தூரத்தைக் கண்டுபிடிக்கிறது பாதி" என்று என்னிடம் வந்தான்.

அந்த ஒரு வரி பிடித்துப்போனது. தூரத்தைக் கண்டுபிடிக்கத்தானே இவ்வளவு பணம்? சரி, வா, இந்த ஊரிலேயே பார்க்கலாம் என்று ஒரு சனி, ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு சுற்றினேன். துப்பாக்கி வீட்டிலேயே பூட்டியிருந்தது. கையில் ஒரு போன், ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான்.

முதலில் அவனுடைய ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபீல்ட் டார்கெட் என்று பெயர். 1980 வாக்கில் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. ஒலிம்பிக்ஸில் நாம் பார்க்கும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் வேறு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டாரே, அந்தப் போட்டியில் ஸ்கோப்பே கிடையாது. தூரமும் மாறாது, எந்த ஊருக்குப் போனாலும் பத்து மீட்டர்தான். ஃபீல்ட் டார்கெட்டில் மரம், புதர், மேடு, பள்ளம் என்று திறந்த வெளியில் இலக்குகளை நட்டிருப்பார்கள். காக்கா, எலி, முயல் வடிவத்தில் வெட்டிய இரும்புத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வட்டத் துளை. சின்னது 15 மில்லிமீட்டர், பெரியது 40. குண்டு துளைக்குள் நுழைந்து பின்னாலிருக்கும் தட்டைத் தொட்டால் காக்கா மல்லாந்து விழும். துளையின் ஓரத்தில் பட்டாலும் விழாது. விழுந்த காக்காவை ஒரு கயிற்றை இழுத்து மறுபடி நிமிர்த்திவிடலாம். உயிருள்ள காக்காவுக்கு இதில் வேலையே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஏறக்குறைய 8 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை எங்கே வேண்டுமானாலும் தகடு நிற்கும். எத்தனை மீட்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லேசர் வைத்து அளக்கக் கூடாது. ஸ்கோப் வழியாகப் பார்த்து நீயே கண்டுபிடி என்பதுதான் ஆட்டம்.

ஏன் அவ்வளவு துல்லியம்? ஏர்கன் குண்டு மெதுவாகப் போகிற பண்டம். இந்தப் போட்டித் துப்பாக்கியிலிருந்து வினாடிக்கு 240 மீட்டர் வாக்கில் கிளம்பும். போகப் போக வேகம் குறையும். வழி நெடுகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். 45 மீட்டர் என்று நினைத்துக் குறி வைத்த தகடு உண்மையில் 50 மீட்டரில் நின்றால், குண்டு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் கீழே போய் அடிக்கும். 40 மில்லிமீட்டர் துளையின் நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டே சென்டிமீட்டர். ஆக, ஐந்து மீட்டர் தப்புக் கணக்கு போட்டால் காக்கா நின்ற இடத்திலேயே நிற்கும்.

நம் ஊரில் தூரத்துக்கு ஒரு தனி அகராதியே உண்டு. கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம். சென்னை ஆட்டோக்காரரிடம் போனால் எல்லாமே "பக்கத்துலதான் சார்", கூலி பேசும்போது மட்டும் "ரொம்ப தூரம் சார்". எங்கள் சுற்றில் முதல் பாடம் இதுதான்: கண் பொய் சொல்லும். எப்போது, எந்தப் பக்கமாகப் பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்னை தீரும்.

பெசன்ட் நகரில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1930 டிசம்பரில் ஒருவரைக் கடலிலிருந்து காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி அவர். அந்த வெள்ளை வளைவைக் காட்டி, நடைபாதையில் ஓரிடத்தில் நின்று, "எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "எண்பது மீட்டர்" என்றான். போனில் மேப்பைத் திறந்து, நின்ற இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் 'தூரத்தை அள' என்று ஒன்று வரும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதில் பார்த்தால் நூற்றிருபதைத் தாண்டியது. வெட்டவெளி மணல், பின்னால் கடல், முகத்துக்கு நேரே வெளிச்சம் விழுந்த வெள்ளைச் சுவர். இந்த மூன்றும் சேர்ந்தால் எதுவும் கிட்டே இருப்பதுபோலத்தான் தெரியும். ராணுவத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். வெளிச்சத்தில் இருப்பது, தண்ணீருக்கு அப்பால் இருப்பது கிட்டே தோன்றும். நிழலில் இருப்பது, பாதி மறைந்திருப்பது தள்ளித் தோன்றும்.

நேர் எதிர் அனுபவம் வேண்டுமென்றால் தியாகராய நகருக்குப் போங்கள். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023-ல் திறந்தார்களே, ஆகாய நடைபாலம், அதன் நீளம் 570 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை அதன் நடுவில் நின்று இரு பக்கமும் பார்த்து, எந்த முனை கிட்டே இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். தலைகள், பைகள், தோளில் தூங்கும் குழந்தைகள் என்று பாதி மறைந்த முனை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதுபோல் இருக்கும். "ரங்கநாதன் தெருவில் ஃபீல்ட் டார்கெட் வைத்தால் ஒருத்தனும் ஜெயிக்க மாட்டான்" என்றான் பையன். அங்கே துப்பாக்கி வேண்டாம், கையில் தள்ளுபடி நோட்டீஸ் இருந்தால் போதும், எல்லோரும் குறி தப்பாமல் கடைக்குள் போய் விழுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரை. அவனை நிறுத்தி ஒரு பழைய வித்தையைச் சொன்னேன். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டே.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். இடது கண்ணை மூடி, எதிர்க்கரையில் நிற்கும் ஓர் ஆட்டோவின் மேல் விரலை வையுங்கள். இப்போது கண்ணை மாற்றுங்கள். விரல் ஒரு தாவு தாவும். எத்தனை ஆட்டோ தூரம் தாவியது? ஓர் ஆட்டோ சுமார் இரண்டரை மீட்டர் நீளம். ஆறு ஆட்டோ தாவியிருந்தால் பதினைந்து மீட்டர். அதைப் பத்தால் பெருக்குங்கள். நூற்றைம்பது மீட்டர். நம் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு நீட்டிய கையின் நீளம், கணக்கு அவ்வளவுதான்.

இந்தத் தாவலுக்குப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இடமாறு தோற்றம் என்று பெயர். ஆங்கிலத்தில் பாரலாக்ஸ். பையன் வாங்கத் துடிக்கும் ஸ்கோப்பின் இடது பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கும்; அதற்கும் அதே பெயர்தான். ஆனால் வேலை கொஞ்சம் வேறு. ஸ்கோப்புக்குள் கூட்டல் குறி போல ஒரு கோடு இருக்கிறது அல்லவா? இலக்கின் பிம்பம் அந்தக் கோட்டின் மேலேயே சரியாக விழவில்லை என்றால், தலையை லேசாக அசைத்தாலும் கோடு இலக்கின் மேல் நகரும். அதைச் சரி செய்யத்தான் சக்கரம். திருப்பத் திருப்ப, ஒரே ஒரு இடத்தில் இலக்கு கண்ணாடி மாதிரி தெளியும். பத்து மீட்டருக்கு ஓரிடம், முப்பதுக்கு வேறிடம், ஐம்பதுக்கு வேறு. அந்தந்த இடத்தில் சக்கரத்தின் மேல் எண்ணை எழுதி வைத்துவிட்டால், பிழையைத் திருத்த வந்த சக்கரமே அளவுகோல் ஆகிவிடும். முதலில் யாருக்குத் தோன்றியதோ, கெட்டிக்காரர்.

இங்கேதான் எந்த ஸ்கோப் என்ற கேள்வி வருகிறது. குளத்துப் படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டபடி அதைப் பேசினோம்.

கல்யாண வீட்டு போட்டோகிராபரைக் கவனியுங்கள். பெரிய லென்ஸ். மணப்பெண்ணின் மூக்குத்தி தெளிவாக இருக்கும், பின்னால் நிற்கும் மாமா புகையாகத் தெரிவார். நம் போன் கேமராவின் லென்ஸ் பொட்டளவு. அதனால் மூக்குத்தி, மாமா, பந்தல் எல்லாமே தெளிவு. படம் எடுக்க அது வசதி. தூரம் அளக்க அது உதவாது. எல்லாமே தெளிவாகத் தெரிந்தால் எது எவ்வளவு தூரம் என்று எப்படிப் பிரிப்பது? இலக்கு மட்டும் தெளிந்து, அதற்கு இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் மங்க வேண்டும். அதற்குப் பெரிய முன்கண்ணாடியும் அதிக உருப்பெருக்கமும் வேண்டும். 4 மடங்கு, 9 மடங்கு பெரிதாக்கும் வேட்டை ஸ்கோப்பில் முப்பது மீட்டரும் ஐம்பது மீட்டரும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த ஆட்டக்காரர்கள் 35, 40, சிலர் 50 மடங்கு வரை போகிறார்கள். சைட்ரான் கம்பெனியின் 10-50 × 60, ஷ்மிட் அண்ட் பெண்டரின் 12.5-50 × 56 என்று பையன் ஜபம் மாதிரி சொல்வது இதைத்தான். முதல் இரண்டு எண்கள் எத்தனை மடங்கு என்பது. கடைசி எண் முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில்.

"சரி, அப்போ 50 மடங்கு இருந்தா எதை வேணா வாங்கலாமா?" என்று கேட்டேன். அவனே யோசித்து இல்லை என்றான். மடங்கு ஏற ஏறப் படம் இருளும், ஆடும். மோசமான கண்ணாடியில் 50 மடங்கு என்பது மங்கலை ஐம்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதுதான். 35 மடங்கில் பளிச்சென்று தெரியும் கண்ணாடி, 50-ல் மங்கும் கண்ணாடியைவிட நன்றாகவே தூரம் சொல்லும். கடையில் பார்க்கும்போது சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தால் போதாது. வெளியே கூட்டி வரச் சொல்லி, தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெயர்ப் பலகையின் சின்ன எழுத்தில் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஐந்து தடவை திருப்பினால் ஐந்து தடவையும் ஒரே இடத்தில் தெளிகிறதா? அதுதான் பரீட்சை. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்திலிருந்து திருப்பி வாருங்கள். சக்கரத்தில் கொஞ்சம் சொதசொதப்பு எதிலும் இருக்கும்.

சக்கரமும் பெரிதாக வேண்டும். பத்திலிருந்து பதினைந்து மீட்டருக்குப் போக நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்கு ஒரு நூலிழைதான். அதனால்தான் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சக்கரத்தைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். நூலிழை அப்போது விரற்கடை ஆகும். அழகு பார்த்தால் கேலிக்கூத்துதான். ஆனால் நல்ல ஸ்கோப் இல்லாமல் பெரிய சக்கரம் மட்டும் வாங்குவது, ஓடாத கடிகாரத்துக்குப் பெரிய முள் வைப்பது மாதிரி.

விலை குறைந்த ஸ்கோப் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. முதலாவது, பல வேட்டை ஸ்கோப்புகளில் இந்தச் சக்கரமே இருக்காது. நூறு கஜத்துக்கு என்று கம்பெனியிலேயே பூட்டியிருப்பார்கள். பத்து மீட்டரில் இருக்கும் தகடு அதில் பனிமூட்டம்தான். எட்டு, ஒன்பது மீட்டர் வரைக்கும் கிட்டே தெளிகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது, நம் ஊரில் அதிகம் விற்பது குழாயை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கி. அது சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னாலும் உதைக்கும். பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த முன்னுதையில் உள்ளே கழன்றுவிடும். ஏர்கனுக்கு ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணைப் பற்றியும் ஒன்று. இருபது வயதுக் கண் தானாகவே வளைந்துகொடுத்து மங்கலைத் தெளிவாக்கிவிடும். உற்று உற்றுப் பார்த்தால் தப்பான இடத்திலும் தெளிவாகத்தான் தெரியும். அதனால் சட்டென்று பார்த்து, சட்டென்று முடிவு செய்ய வேண்டும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்த வளைவு குறைந்துவிடுகிறது. தூரம் சொல்வதில் அது ஒரு வசதி. வெள்ளெழுத்துக்கு இப்படி ஒரு பெருமை இருக்கிறது என்று கேட்டதில் எனக்குப் பரம சந்தோஷம்.

ஞாயிறு காலை கலங்கரை விளக்கத்தில் ஆரம்பித்தோம். 1977-ல் திறந்தது, லிஃப்ட் வைத்த கலங்கரை விளக்கம் நம் நாட்டில் இதுதான் முதல். 45 மீட்டர் உயரத்தில் நின்றால் கடல் வானத்தைத் தொடும் கோடு 24 கிலோமீட்டர் தள்ளி என்பது கணக்கு. தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் ஒரு கிலோமீட்டருக்குள். மேலிருந்து கீழே பார்த்தால் தூரம் எப்படி ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அங்கிருந்து நுங்கம்பாக்கம், கல்லூரிச் சாலை. புயல் வந்தால் டி.வி.யில் நாம் பார்க்கும் வானிலை மையம் இருக்கும் வளாகம்தான். அரசு அலுவலகம் என்பதால் நினைத்தபோது நுழைந்துவிட முடியாது. அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு பெரிய கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கட்டிய மதராஸ் வான் ஆய்வுக்கூடத்தில் தொலைநோக்கியைத் தாங்கிய தூண். அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. இந்தக் கூடத்திலிருந்துதான் 1861 ஏப்ரல் 17 அன்று போக்சன் என்பவர் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்றதும், நம் ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று இந்திய மொழிகளில் சிறு நூல் கொண்டுவந்தவரும் அவரே.

வெள்ளி கடப்பதில் அப்படி என்ன? மயிலாப்பூர்க் குளக்கரையில் கட்டைவிரல் தாவியதே, அதே கதைதான். பூமியின் இரண்டு கோடியில் நின்று பார்த்தால் சூரியன் மேல் வெள்ளியின் புள்ளி சற்றே இடம் மாறித் தெரியும். அந்தத் தாவலை அளந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிட உலகமே அந்த வருஷம் கிளம்பியது. சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நம் பையன் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரங்கிமலை. மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் உச்சி வரை சாலையே இருக்கிறது. முழங்கால் தெம்புள்ளவர்களுக்குப் படிக்கட்டு. மலைமேல் போர்ச்சுக்கீசியர் காலத்துத் தேவாலயம். அந்த வளாகத்திலேயே ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவுச் சிலை. பலர் யாரோ பாதிரியார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் வில்லியம் லாம்ப்டன். நிலம் அளக்க வந்தவர்.

1802 ஏப்ரல் 10-ம் தேதி, இந்த மலையடியில் தொடங்கி தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்க்கோட்டை அளக்க ஆரம்பித்தார். மே மாதம் கடைசி வாரம் நெருங்கும்போது முடித்தார். கத்திரி வெயிலில்! நூறு அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்று திருப்பியதில் கைமாறி வந்தது என்று அதற்கே ஒரு கதை உண்டு. நானூறு தடவை அந்தச் சங்கிலியை எடுத்து எடுத்துப் போட்டார்கள். நீளம் 40,006 அடிச் சொச்சம், ஏழரை மைல். இன்றைக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகிற வழி.

வெயிலில் இரும்பு நீளும். நூறு அடிச் சங்கிலி கொஞ்சம் நீண்டால் நானூறு தடவையில் அது எங்கே போய் நிற்கும்? லாம்ப்டன் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, மேலே நிழலுக்குக் கூடாரம் போட்டு, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்தார். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சூடு என்று எழுதி, நீளத்தை அதற்கேற்பத் திருத்தினார்.

"சித்தி, இது எங்க பிரச்னையேதான்" என்று குதித்தான் பையன். ஸ்கோப்பும் உலோகக் குழாய்தான். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது 45 மீட்டர் என்று காட்டும் சக்கரம், உச்சி வெயிலில் அதே தகட்டுக்கு வேறு எண்ணைக் காட்டும். குழாய் நீள்கிறது, கண்ணாடி ஒளியை வளைக்கும் அளவும் மாறுகிறது. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் ஸ்கோப்பின் மேல் ஒரு குட்டி வெப்பமானியை ஒட்டி, சூட்டுக்குத் தகுந்த திருத்தப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். சுடாத நேரத்தில் துணி போட்டு மூடுகிறார்கள். இங்கிலாந்துக் குளிரில் எழுதிய எண்களை அப்படியே நம்பி சென்னை மே மாதத்தில் சுடுவது வீண். எண்களை இங்கேயே, நம் வெயிலிலேயே, டேப் பிடித்து அளந்த தூரத்தில் எழுத வேண்டும். காலையில் ஒரு தடவை, இரண்டு மணி வெயிலில் ஒரு தடவை. லட்ச ரூபாய் ஸ்கோப்பாக இருந்தாலும் இந்த வேலை தப்பாது. பாதி விலை ஸ்கோப்பில் பொறுமையாக இதைச் செய்கிறவன், முழு விலை கொடுத்துவிட்டுச் செய்யாதவனைத் தோற்கடிப்பான் என்பது என் கட்சி.

அங்கேயே அக்காவுக்கு போன் போட்டான். பெரிய ஸ்கோப் இப்போது வேண்டாம், நடுத்தர விலையில் சக்கரம் வைத்த, கிட்டத் தூரமும் தெளிகிற ஒன்று போதும் என்றான். அடுத்து ஐம்பது மீட்டர் பாதுகாப்பான இடம் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அது சின்னக் கேள்வி அல்ல.

வீட்டில் டீன் ஏஜ் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 2016 ஆயுத விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அதனால் அது பொம்மை என்று அர்த்தமில்லை. மொட்டை மாடியிலிருந்து கிளம்பிய குண்டு நூறு மீட்டரைத் தாண்டியும் போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவே ஒரு கொடிக்கயிறுதான் இருக்கிறது. பறவைகளைக் குறி வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும். முறையாகப் பழக எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. அங்கே பத்து மீட்டரில் கையும் மூச்சும் பழகிய பிறகு ஐம்பது மீட்டரைப் பற்றிப் பேசலாம்.

லாம்ப்டன் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கோணம் அளக்க அவர் லண்டனிலிருந்து வரவழைத்த தியோடலைட் என்ற கருவி அரை டன் எடை. அதை ஏற்றி வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். என்ன கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த கவர்னர் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவைத்தார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆறு வாரம் போல, வளைந்த வட்டத்தைத் தட்டித் தட்டி நேராக்கினார். பரங்கிமலையடியில் போட்ட கோட்டிலிருந்து கிளம்பிய முக்கோணங்கள் இமயமலை அடிவாரம் வரை போயின. 1856-ல் எவரெஸ்ட் 29,002 அடி என்று அறிவித்தது அந்த சர்வேயின் தொடர்ச்சியில்தான்.

மலையுச்சியில் தெற்குப் பக்கச் சுவரோரம் நின்றால் பெரும்பாக்கம் திசை தெரியும். அடுக்குமாடிகள், ஐ.டி. கட்டடங்களின் கண்ணாடி, நடுவே சதுப்பு நிலத்தின் ஒரு பச்சைத் துண்டு. போனில் விரலை வைத்து இழுத்தால் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று ஒரு நொடியில் வந்துவிடுகிறது. நீங்கள் போவதாக இருந்தால் நாலு மணிக்கு மேல் போங்கள். வெயில் சாய்ந்திருக்கும், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைக் கண் உயரத்தில் பார்க்கலாம். "எவ்வளவு தூரத்துல போகுது, சொல்லு?" என்று குழந்தைகளிடம் பந்தயம் கட்டலாம். மேலே கடை அதிகமில்லை. தண்ணீர் கையோடு கொண்டு போய்விடுங்கள்.